தங்கையை உள்ளே விடச் சொல்லிக் கேளுங்கள்

உங்கள் தங்கைக்கு 31 வாரத்திலேயே பிரசவமாகி, ஆண் குழந்தை 1,300 கிராம் எடையில் பிறந்திருக்கிறது. ஒன்பது நாளாகத் தனியார் மருத்துவமனை ஒன்றின் என்.ஐ.சி.யூ.வில், அதாவது பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், மூச்சுக்கு உதவும் சிபாப் கருவியில் இருக்கிறது. கருவிகள் புதியவை, டாக்டர்கள் திறமையானவர்கள் என்கிறீர்கள். ஆனால் தாயைக் காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம் கண்ணாடி வழியாகப் பார்க்க மட்டும் விடுகிறார்கள். "பிள்ளை பிழைக்க வேண்டுமென்றால் பாசத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைக்கத்தான் வேண்டுமா? உள்ளே விடச் சொல்லிக் கேட்டால் வைத்தியத்துக்கு இடைஞ்சலாகிவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகக் கேளுங்கள், இடைஞ்சல் எதுவும் ஆகாது. தாய் உள்ளே இருப்பதும் வைத்தியம்தான். ஆறுதலுக்காக இப்படிச் சொல்லவில்லை. 22 வருஷமாகப் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். முதல் ஆறு வருஷம் தனியாரில், அப்புறம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். தாயை வெளியே நிறுத்திய பிரிவிலும் வேலை பார்த்திருக்கிறேன், உள்ளே கட்டில் போட்டுக் கொடுத்த பிரிவிலும் வேலை பார்க்கிறேன்.

முதலில் கருவிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அவற்றின் மேல் உங்களுக்குக் கோபம் வந்துவிடக் கூடாது. 31 வாரத்துக் குழந்தையின் நுரையீரலில், காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள் போதுமான அளவு ஊறியிருக்காது. ஒவ்வொரு மூச்சுக்கும் புது பலூனை முதல் முறை ஊதுவது போலக் குழந்தை திணற வேண்டியிருக்கும். சிபாப் அந்தக் காற்றுப்பைகள் முழுதாகச் சுருங்கிவிடாதபடி மூக்கு வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவாக இருப்பதால் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கிவிடும், அதற்கு வார்மர். மூச்சுவிடச் சொல்லும் மூளைப் பகுதி இன்னும் முதிராததால் இருபது வினாடி, சில சமயம் அதற்கு மேலும் மூச்சு நின்றுபோகும். அதற்குக் காபியில் இருக்கும் அதே காஃபினைத்தான் மருந்தாகக் கொடுக்கிறோம். "ஏழாம் மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது" என்று எங்கள் ஊர்ப் பக்கம் சொல்வார்கள். அது தப்பு. வயிற்றில் ஒரு வாரம் கூட இருந்தால் ஒரு வார பலம் கூடத்தான் செய்யும். எட்டாம் மாசத்துப் பிள்ளைகள் இன்று தங்குவதற்கு இந்தக் கருவிகள் பெரிய காரணம்.

ஆனால் கருவி தானாக ஒன்றும் செய்வதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சீனியர் சிஸ்டர் ஒருவர் தினமும் ஒரு விஷயத்தைச் சொல்வார்: அலாரம் அடித்தால் முதலில் பிள்ளையைப் பார், அப்புறம் மானிட்டரைப் பார். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும், சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் அளவு, 78 என்று சிவப்பில் மின்னும். போய்ப் பார்த்தால் பிள்ளை ரோஜா நிறத்தில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும், அதை அளக்கப் பாதத்தில் சுற்றிய ப்ரோப் நழுவியிருக்கும். இன்னொரு நாள் அதே 78-க்கு உதடு நீலம் பாரித்து, மார்பு அசையாமல் கிடக்கும். உள்ளங்காலை விரலால் லேசாகச் சுண்டினால் திடுக்கிட்டு ஒரு மூச்சு இழுக்கும், அப்படியே தொடரும். இரண்டுக்கும் திரையில் ஒரே எண்தான். வித்தியாசம் தெரிய ஒரு ஆள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

அன்பு என்றால் கன்னத்தைத் தடவிக் கொஞ்சுவது மட்டும் இல்லை என்பதற்கும் ஒரு விஷயம் சொல்கிறேன். 1940-களில் மேலை நாடுகளில், குழந்தையைக் கதகதப்பாக வைக்கும், நன்றாக மூடிய பெட்டிகளான இன்குபேட்டர்கள் வந்தன. ஆக்ஸிஜன் எவ்வளவு கொடுத்தாலும் நல்லதுதான் என்று நினைத்துத் தாராளமாகக் கொடுத்தார்கள். 1950-களின் நடுவில், அந்த ஆக்ஸிஜன்தான் கண்ணைக் கெடுக்கிறது என்று உறுதியாவதற்குள் சுமார் பத்தாயிரம் குழந்தைகள் பார்வை இழந்துவிட்டார்கள். கருவி எங்கே அதிகமாக இருந்ததோ அங்கேதான் பாதிப்பும் அதிகம். அதனால்தான் ஆக்ஸிஜன் வாங்கும் குறைமாதக் குழந்தைக்கு சாச்சுரேஷன் 90-க்கும் 95-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். 99 காட்டினால் பெற்றவர்களுக்குச் சந்தோஷம், எங்களுக்குப் பதற்றம். உடனே ஆக்ஸிஜனைக் குறைக்கிறோம். மேல் எல்லைக்கும் அலாரம் வைத்து, அது அடிக்கும்போதெல்லாம் எழுந்து போய்க் குமிழைத் திருப்புகிற நர்ஸ் அந்தப் பிள்ளையின் கண்ணைக் காப்பாற்றுகிறாள். ஒரு நாளில் நாற்பது முறை எழ வேண்டியிருக்கும். அதை நான் அன்பு என்றுதான் சொல்வேன். உங்கள் மருமகனுக்குப் பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும், தேதியை இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சந்தோஷத்தில் அதை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

வலி விஷயமும் இப்படித்தான். பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாது என்று 1980-கள் வரைக்கும் பெரிய மருத்துவமனைகளிலேயே நம்பினார்கள். குறைமாதக் குழந்தைகளுக்குப் போதுமான வலி மருந்து இல்லாமலே ஆபரேஷன்கூட நடந்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த கன்வல்ஜீத் ஆனந்த் என்ற மருத்துவர், நல்ல வலி மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்த குழந்தைகளுக்குச் சிக்கல்கள் குறைவு என்று 1987-இல் நிரூபித்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. இன்று குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் பிள்ளையின் நாக்கில் அம்மாவின் பாலைச் சில சொட்டு விடுகிறோம். அம்மா பக்கத்தில் இருந்தால் அவள் நெஞ்சில் படுத்திருக்கும்போதே குத்துகிறோம். அழுகை நன்றாகக் குறையும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், ஏழைப் பெண்கள் வரும் பெரிய பிரசவ மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒரே இன்குபேட்டரில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட வேண்டிய நிலை. கிருமி பரவிக் குழந்தைகள் இறந்தன. பிழைத்த குழந்தைகளைச் சில தாய்மார்கள் விட்டுவிட்டே போனார்கள். எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர், நிலைமை தேறிய குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலும் தோலும் படும்படி நிமிர்த்திக் கட்டி வைக்கச் சொன்னார். கங்காரு கவனிப்பு என்று பெயர் வந்தது. நாங்கள் கே.எம்.சி. என்போம்.

கருவி வாங்க முடியாதவர்களின் மாற்று ஏற்பாடு என்றுதான் பல காலம் இதை நினைத்தார்கள். என்னோடு வேலை பார்த்த டாக்டர்கள் சிலரும் அப்படித்தான் நினைத்தார்கள். குழந்தை முழுதாகத் தேறி, டிஸ்சார்ஜுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, போனால் போகிறது என்று ஒரு மணி நேரம் அனுமதிப்பார்கள். 2021-இல் வந்த ஆய்வு ஒன்று இந்த எண்ணத்தைப் புரட்டிப் போட்டது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடத்தியது அது. இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். உங்கள் மருமகன் எடையும் இதற்குள்தான் வருகிறது. ஒரு பாதிக் குழந்தைகளுக்கு வழக்கமான முறை: முதலில் கருவி, தேறிய பிறகு தாய். இன்னொரு பாதிக்கு, பிறந்த உடனேயே, நிலைமை தேறும் வரை காத்திராமல் தாயின் மார்பு. அதற்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள். சிபாப், மானிட்டர், டிரிப் எல்லாம் தாயின் மேல் படுத்திருக்கும் குழந்தைக்கே கொடுத்தார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 17 மணி நேரம் குழந்தை தாய் மேல் இருந்தது.

முதல் 28 நாளில் வழக்கமான முறையில் 100-க்குக் கிட்டத்தட்ட 16 குழந்தைகள் இறந்தன. தாய் மேல் இருந்தவர்களில் 12. கிருமித் தொற்றும் குறைவு, உடம்பு குளிர்ந்துபோவதும் குறைவு. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு மற்ற குழந்தைகளுக்கு இதைக் கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதலையே மாற்றி, குறைமாதக் குழந்தைக்குக் கூடிய சீக்கிரம், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை கங்காரு கவனிப்பு என்று சொல்லிவிட்டது. இந்த எண்களை முதலில் படித்தபோது, கதவுக்கு வெளியே நான் நிறுத்தி வைத்த தாய்மார்களின் முகங்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

அதில் ஒரு முகத்தை மறக்கவே முடியாது. தனியாரில் வேலை பார்த்தபோது 29 வாரத்தில் பிறந்த பெண் குழந்தை ஒன்று 41 நாள் எங்களோடு இருந்தது. மிக நல்ல சிகிச்சை. தாய் தினமும் கண்ணாடிக்கு வெளியே வந்து நிற்பாள், கையைக் கண்ணாடியில் வைத்திருப்பாள். நாங்கள் அடிக்கடி அந்தக் கைத்தடத்தைத் துடைப்போம். 42-ஆம் நாள் குழந்தையைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தோம். அவள் முழங்கையை மடக்கவே இல்லை. தட்டில் எதையோ ஏந்துவது போல இரண்டு கையையும் நீட்டியபடி நின்றாள். "சிஸ்டர், நீங்களே கார் வரைக்கும் தூக்கிட்டு வாங்களேன், எனக்குப் பயமா இருக்கு" என்றாள். பால் என்றைக்கோ நின்றுவிட்டிருந்தது. 41 நாளும் பால் பவுடர்தான். நுரையீரலைக் காப்பாற்றினோம், கண்ணைக் காப்பாற்றினோம், அம்மா ஆவதற்கு மட்டும் அவளுக்கு இடம் கொடுக்கவில்லை. அன்று அந்த வார்டில் இருந்த எங்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. தொற்று வந்துவிடும் என்று உண்மையாகவே நம்பினோம்.

தொற்று பயத்தைப் பற்றி அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்களிடமும் அதைத்தான் சொல்வார்கள். என்.ஐ.சி.யூ.வில் குழந்தைகளைக் கொல்லும் கிருமிகள் பெரும்பாலும் மருத்துவமனையிலேயே குடியிருப்பவை, பல மருந்துகளுக்கு அடங்காதவை. ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்கு அவற்றைக் கொண்டு போவது எங்கள் கைகள்தான். தாய் தொடுவது ஒரே குழந்தையை. அவள் தோலில் இருக்கும் சாதாரணக் கிருமிகள் குழந்தையின் தோலில் முதலில் குடியேறினால், மோசமான கிருமிகளுக்கு இடம் குறைகிறது. அவள் பாலில் வரும் எதிர்ப்புச் சக்தியும் கூட நிற்கிறது. வளையல், மோதிரம், வாட்ச் கழற்றி, முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவி, செல்போனை வெளியே வைத்துவிட்டு வரும் தாயால் ஆபத்து இல்லை. அவளுக்குக் காய்ச்சலோ இருமலோ தோலில் புண்ணோ இருந்தால் மட்டும் ஓரிரு நாள் தள்ளிப் போட வேண்டும், அப்போது அப்பா செய்யலாம். அப்பாவின் மார்பும் நன்றாகச் சூடு கொடுக்கும். தீட்டு என்று சொல்லி அவரைப் பெரியவர்கள் தடுத்தால், டாக்டர் எழுதிக் கொடுத்த வைத்தியம் என்று சொல்லிவிடுங்கள். பொய்யும் இல்லை.

முதல் முறை நெஞ்சில் வைப்பது எப்படி இருக்கும் என்று தங்கையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் பயந்துவிடுவாள். சாய்வு நாற்காலியில் அவளை உட்கார வைப்பார்கள். முன்பக்கம் திறக்கும் நைட்டி நல்லது. இரண்டு நர்ஸ்கள் வேண்டும்: ஒருத்தி குழந்தையைத் தூக்க, ஒருத்தி குழாய்களையும் ஒயர்களையும் தூக்க. டயப்பர், குல்லா, காலுறை மட்டும் போட்ட குழந்தையை அவள் இரண்டு மார்புக்கும் நடுவே நிமிர்த்தி, தவளை போலக் காலை மடக்கி, தலையை ஒரு பக்கம் திருப்பி, கழுத்து மடங்காமல் பார்த்து வைப்போம். மென்மையான பருத்தித் துணியால் சேர்த்துக் கட்டுவோம், பழைய காட்டன் புடவையைக் கிழித்த துணிதான் எங்கள் வார்டில். சிபாப் குழாயை அவள் தோளில் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவோம். முதல் ஐந்து நிமிஷம் மானிட்டர் கத்தும், இதயத் துடிப்பு 180 வரைக்கும் போகும். இடம் மாறிய கலவரம் அது. அப்புறம் ஒவ்வொன்றாக இறங்கும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் குழந்தை தூங்கிவிடும், மூச்சு ஒரு சீராகும். தாயின் மூச்சோடு மார்பு ஏறி இறங்குவதால்தானோ என்னவோ, மூச்சை மறக்கும் குழந்தைகள்கூட அங்கே குறைவாகவே மறப்பதைப் பார்த்திருக்கிறேன். குழந்தை குளிர்ந்தால் தாயின் மார்புத் தோல் தானாகச் சூடேறிக் கொடுக்கும். பெரும்பாலான தாய்மார்கள் முதலில் அழுவார்கள், அப்புறம் அவர்களும் தூங்கிவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும், அடிக்கடி எடுத்து வைப்பதுதான் குழந்தைக்குச் சிரமம்.

எல்லாக் குழந்தைக்கும் எல்லா நேரத்திலும் இது முடியும் என்று சொல்ல மாட்டேன். ரத்த அழுத்தம் தடுமாறுகிற குழந்தை, வென்டிலேட்டரில் அதிக அழுத்தத்தில் இருக்கிற குழந்தை, அன்றைக்கு ஆபரேஷன் முடிந்த குழந்தை என்றால் டாக்டர் காத்திருக்கச் சொல்வார், அது நியாயம். அப்போதும் தொடலாம். வருடக் கூடாது, வருடினால் குறைமாதக் குழந்தைக்குத் தாங்காது. ஒரு கையைத் தலையிலும் ஒரு கையைப் பாதத்திலும் வைத்து அசைக்காமல் அணைத்தபடி இருக்க வேண்டும். வயிற்றுக்குள் சுருண்டு கிடந்த ஞாபகம் அதற்கு. மெதுவாகப் பேசலாம், பாடலாம். பெயர் வைத்துவிட்டீர்களா? வைத்திருந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள். எங்களுக்கு எல்லாக் குழந்தையும் 'பேபி ஆஃப்' இன்னார் என்ற பட்டைதான். பெயரைச் சொல்லிவிட்டால் அடுத்த ஷிஃப்டிலிருந்து பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

மருத்துவமனை பக்கத்தையும் புரிந்துகொள்ளுங்கள். ராத்திரியில் ஒரு நர்ஸ் நான்கு ஐந்து குழந்தைகளைப் பார்க்கிற இடங்கள் உண்டு. மணிக்கு ஒரு முறை ஒவ்வொரு குழந்தைக்கும் சார்ட் எழுத வேண்டும், கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதில் ஒரு தாயை உட்கார வைத்துக் குழாய்களை மாற்றிக் கட்ட இரண்டு பேருக்கு இருபது நிமிஷம் ஆகும். இடம் இருக்காது, சாய்வு நாற்காலி இருக்காது. ஏதாவது ஆகிவிட்டால் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்களோ என்ற பயமும் உண்டு. இதற்கெல்லாம் கோடி ரூபாய் வேண்டாம். ஒரு வென்டிலேட்டர் வாங்கும் பணத்தில் எத்தனையோ சாய்வு நாற்காலிகள் வாங்கலாம். வாங்க வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டும். குடும்பத்தினரைச் சேர்த்துக்கொண்டு பச்சிளங்குழந்தையைக் கவனிப்பதற்கு மத்திய அரசே 2017-இல் வழிமுறை வெளியிட்டிருக்கிறது, டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் அனுபவத்தை வைத்து. ஆனால் ஒன்று: தாய் வந்துவிட்டாள், இனி நர்ஸைக் குறைக்கலாம் என்று எந்த நிர்வாகமாவது கணக்குப் போட்டால் அதை எதிர்க்க வேண்டும். தாயின் கை நர்ஸின் கைக்கு மாற்று ஆகாது.

எப்படிக் கேட்பது என்று யோசிக்கிறீர்கள் இல்லையா. வாசலில் ஷிஃப்ட் நர்ஸிடம் சண்டை போடாதீர்கள், விதியை மாற்றும் அதிகாரம் அவளிடம் இல்லை. ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு குழந்தை டாக்டரை நேரில் பாருங்கள். "டாக்டர், பிள்ளைக்கு எப்போது கே.எம்.சி. ஆரம்பிக்கலாம்? அதற்கு முன்னால் எது சரியாக வேண்டும்?" என்று கேளுங்கள். 'விடுவீர்களா' என்று கேட்டால் 'முடியாது' என்று சொல்லிவிடலாம். 'எப்போது' என்று கேட்டால் மருத்துவக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். காரணம் நியாயமாக இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், நாளைக்கு மறுபடி கேளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒருவர் உங்களிடம் நிலைமையைச் சொல்ல ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். வீட்டிலிருந்தும் ஒரே ஆள் பேசுங்கள். ஐந்து பேர் ஐந்து முறை கேட்டால் ஐந்து விதமாகத்தான் பதில் வரும், அப்புறம் வீட்டில் குழப்பம்.

அதுவரைக்கும் தங்கை செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, அதை அவளைத் தவிர யாராலும் செய்ய முடியாது. பால் பீச்ச வேண்டும். குறைமாதக் குழந்தையின் குடல் அழுகிப்போகும் நோயைத் தடுப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடான மருந்து எங்களிடம் இல்லை. ஒரு நாளைக்கு எட்டு முறை, ராத்திரியும் சேர்த்து. முதலில் சில சொட்டுதான் வரும், கொட்டிவிடக் கூடாது. குழந்தைக்கு இப்போது ஒரு வேளைக்கே சில மில்லிதான், ட்யூப் வழியாக. 33, 34 வாரம் ஆகும்போது பாலாடையில் ஊட்டத் தொடங்குவார்கள். நம் பாட்டிகளின் அதே பாலாடைதான், மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். வெளிநாட்டு மருத்துவ இதழ்களிலும் அதற்கு 'பாலாடை' என்றே எழுதுகிறார்கள். அதைப் பிடித்து, கீழுதட்டில் மூக்கைப் பதித்து, குழந்தை நக்க நக்கச் சரிக்கும் வேலையை நர்ஸிடம் கேட்டுத் தங்கையே கற்றுக்கொள்ளட்டும்.

ஒன்பது நாள் ஆகிவிட்டதே, பால் குறைந்துவிட்டதே என்று அவள் நினைத்தால், இன்றிரவே தொடங்கச் சொல்லுங்கள், திரும்ப ஊறும். குழந்தையைச் சுற்றியிருந்த துணி ஒன்றை நர்ஸிடம் கேட்டு வாங்கி வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு பீச்சினால் நன்றாக இறங்கும். நடு ராத்திரி இரண்டு மணிக்கு நீங்களோ அம்மாவோ அவளோடு எழுந்திருங்கள், ஒரு டம்ளர் சூடான பால் கொடுங்கள். பாட்டிலில் தங்கை பெயர், தேதி, மணி எழுதி ஒட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் ஐஸ் போட்ட பெட்டியில் எடுத்துக்கொண்டு போய், அந்தக் கண்ணாடிக் கதவைத் தட்டிக் கொடுங்கள்.